நாற்பது கிலோ

மருதாசலத்துக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷம் இயந்திரம் வரைந்தவர். அதை ஓட்டும் புரோகிராமையும் தானே எழுத வேண்டுமென்று ரெஜினாவிடம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் வெட்கமில்லை. பயம்தான். அந்தம்மா அதட்டமாட்டார். கேள்வி கேட்பார்.

அவரே வரைந்து, அவரே புரோகிராம் எழுதிய முதல் இயந்திரம் பட்டறை நடுவில் நின்றது. தகடு வளைக்கிற பிரஸ். நாற்பது கிலோ இரும்புத் தலை. காற்றழுத்தம்தான் அதைத் தூக்கும், இறக்கும். அதை ஓட்டப்போகிற துளசிமணி பழகிப் பார்க்க வந்திருந்தாள். சாயங்காலம் லாரி வந்துவிடும்.

"ஏத்தச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார் மருதாசலம்.

ரெஜினா இயந்திரத்தை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"தலையைத் தாங்குற கொக்கி எங்க?"

"எடுத்துட்டனுங்க. அந்த வேலைய புரோகிராமே பாத்துக்கும். ஆறே வரி."

"ஓஹோ."

துளசிமணி ஓட்டினாள். பன்னிரண்டாவது தகடு சிக்கிக்கொண்டது. மருதாசலம் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினார். தலை பாதி உயரத்தில் நின்றது. திரையில் பச்சை எழுத்து: நிறுத்தப்பட்டது.

"கைய உள்ள விட்டுத் தகட்ட எடும்மா."

அவள் அசையவில்லை. "நின்னா நின்னதுதானுங்களே சார்? இந்தக் கைய நம்பி வீட்ல நாலு பேர் இருக்காங்க. உங்க மெஷினுக்கு அது தெரியுமுங்களா?"

"அட, சும்மா விடும்மா!"

"நீங்க கைய விடுங்க," என்றார் ரெஜினா.

மருதாசலம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கையை நுழைத்தார். புறங்கைக்கு ஒரு சாண் மேலே இரும்பு. எங்கோ காற்று உஸ்ஸென்று கசிந்தது. பிடரி வியர்த்தது. ஆறு வரியையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விரல்தான் தகட்டைத் தொட மறுத்தது.

"என்ன, சுடுதா?"

"இல்லீங்க..."

"பின்ன?"

அவர் மேலே நின்ற இரும்பை அண்ணாந்து பார்த்தார்.

ரெஜினா அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. இன்னும். இன்னும்." பிறகு பின்பக்கம் போய்க் காற்றுக் குழாயைப் பிடுங்கினார்.

தலை விழுந்தது. தரை அதிர்ந்தது. சிக்கியிருந்த தகடு காகிதம்போல் மடிந்து கிடந்தது.

"ஐயோ சாமி," என்று துளசிமணி உட்கார்ந்துவிட்டாள். கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

திரையில் பச்சை எழுத்து மாறவில்லை. நிறுத்தப்பட்டது.

மருதாசலம் தன் கையைப் பார்த்தார். விரல்களை எண்ணினார். ஐந்தும் இருந்தன.

"எந்த வரியில தப்புங்க?" என்று கேட்டார்.

"வரியில தப்பே இல்ல."

"அப்புறம் எப்படீங்க...?"

"இரும்புக்கு வாசிக்கத் தெரியாதுங்க."