வெரோனிக் வீட்டு விருந்துக்கு ஒரு ஒயின்

"மதாம், என்னை எப்ப அந்த மேசையில உட்கார விடுவீங்க?"

தெய்வநாயகம் இதைக் கேட்டபோது கையில் துடைக்கிற துணி இருந்தது. முகத்தில் கடுகடுப்பு இருந்தது.

கேள்வி நியாயமானதுதான். ஐம்பதைத் தாண்டியவர். பாதி ஆயுளைப் பயணிகள் கப்பலில் ஒயின் ஊற்றியே கழித்தவர். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் போதும், ஊர் பேரைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் புதுச்சேரிக்கு வந்து, தன்னைவிட வயதில் இளையவரான மதலேனிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து பாட்டிலில் தூசிதான் துடைக்கிறார். யாருக்குத்தான் வயிறு எரியாது?

மதலேனின் கடை சின்னது. பெயர் பெரியது.

உள்ளே ஒரு மேசை, எதிரே ஒரு ஸ்டூல். வருகிறவர்கள் உட்கார்ந்து வீட்டுக் கதையைச் சொல்வார்கள். மதலேன் எழுந்துபோய் ஒரே ஒரு பாட்டிலை எடுத்துவந்து வைப்பார். சில நாள் அது உலகமே அறிந்த ஊரின் ஒயின். சில நாள் யாரும் காதால்கூடக் கேட்டிராத ஊர். எதுவானாலும் விலை கையைக் கடிக்காது. வாங்கிப்போனவர் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

மதலேன் நாயகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பவே உட்காருங்க."

அந்த நேரம் பார்த்து வெரோனிக் உள்ளே வந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். ஒரே மகள் செலின். அவளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருகிறார்கள். மனசுக்குப் பிடித்தால் அன்றைக்கே சம்மதம் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள்.

"காரைக்கால்ல பெரிய குடும்பம், முசே. போர்தோ தவிர வேற ஒயினைத் தொடமாட்டாங்களாம். எனக்கு அவ்வளவு வசதி இல்ல. ஆனா நான் தலை குனியவும் கூடாது."

நாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். போர்தோவில் ஆற்றுக்கு இடது கரை ஒரு மாதிரி, வலது கரை ஒரு மாதிரி என்றார். பர்கண்டியில் ஒரே மலைச்சரிவில் மேல் தோட்டம் வேறு, கீழ்த் தோட்டம் வேறு என்றார். எந்த வருஷம் மழை கெடுத்தது, எந்த வருஷம் வெயில் காப்பாற்றியது என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு வார்த்தை பிசகவில்லை.

"யோசிச்சிட்டு வர்றேன், முசே," என்று வெரோனிக் எழுந்து போனார்.

"வரமாட்டாங்க," என்றார் மதலேன்.

"நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

"ஒண்ணும் தப்பில்ல. ஸ்டூலைப் பாருங்க."

ஸ்டூல் மேசைக்கு எதிரே இல்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீங்க பேசப் பேச அவங்க நகர்ந்துக்கிட்டே போனாங்க. பார்க்கலையா?"

நாயகம் பார்க்கவில்லை.

"அந்தம்மா ஞாயித்துக்கிழமை என்ன சமைக்கப்போறாங்க?"

அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"போய்த் தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

"வீடு தேடிப் போறதா? நானா?"

மதலேன் ஸ்டூலைத் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டார்.

நாயகம் போனார். போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வெரோனிக் அடுப்படியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுவோம் என்று வாத்து விந்தாலு கொதித்துக்கொண்டிருந்தது. பெண்ணைப் பெற்றவளுக்குக் கவலைக்கா பஞ்சம்? வாத்து வேகுமா, உப்பு கூடுமா, வருகிறவர்களுக்கு நாற்காலி பத்துமா. இதில் ஒயின் வேறு.

"உட்காருங்க முசே. காரம் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

நாயகம் தின்றார். வினிகர் புளிப்பு முதலில் வந்தது. பிறகு பூண்டு. பிறகு மிளகாய். கடைசியில் வாத்துக் கொழுப்பு வந்து நாக்கில் படுத்துக்கொண்டது, எழுந்திருக்க மாட்டேன் என்றது.

போர்தோவை இதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும். மிளகாய் சும்மா விடாது, ஒயினைக் கசக்க வைத்துவிடும்.

அவர் எழுந்தார். கடைக்குப் போனார். குளிர்பெட்டியின் அடித்தட்டில் ஒரு பாட்டில் இருந்தது. லாம்ப்ருஸ்கோ. சிவப்புதான், ஆனால் நுரைக்கும். கப்பலில் பெரிய மனிதர்கள் யாரும் அதை அவரிடம் கேட்டதில்லை. போர்தோ விலையில் பாதிகூட இல்லை. எடுக்க அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மதலேன் பார்த்தார். நாயகம் பாட்டிலோடு வெரோனிக் வீட்டுக்குத் திரும்பினார்.

வெரோனிக் ஒரு துண்டு வாத்தைத் தின்றுவிட்டு ஒரு மடக்குக் குடித்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"கலர் சோடா குடிச்ச மாதிரி இருக்கே, முசே."

"இன்னொரு துண்டு தின்னுட்டுக் குடிங்க."

தின்றார். குடித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கோப்பையை நீட்டினார்.

"இது எந்த ஊரு?"

திராட்சையின் வகை, மண், கொடி கட்டுகிற விதம் எல்லாம் நாயகத்தின் வாய் வரைக்கும் வந்தன. விழுங்கிக்கொண்டார்.

"இத்தாலியில எமிலியா. கொழுப்புக் கறிய ரசிச்சுத் தின்னுற சனங்க."

"அப்போ நம்ம ஆளுங்கதான்," என்றார் வெரோனிக்.

ஞாயிற்றுக்கிழமை ஊற்றுவதற்கும் அவரையே கூப்பிட்டார். "எனக்குச் சிந்தாம ஊத்தத் தெரியாது, முசே."

மாப்பிள்ளையின் பெரியப்பா முசே கபிரியேல் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார். பிரெஞ்சுப் பழக்கம் உள்ள அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கோப்பையை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்தான் குடிப்பார். பிடித்திருந்தால், யார் எடுத்த ஒயின் என்று கேட்பார். கேட்காமல் விட்டால் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

நாயகம் ஊற்றினார். நுரை பொங்கியது.

"இதென்ன, கோலி சோடாவா? எங்க வீட்டுல போர்தோ தவிர எதுவும் கிடையாது," என்றார் கபிரியேல்.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். செலின் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அதுவரை முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்த வெரோனிக் அதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கிண்டலை அப்புறம் பண்ணுங்க. முதல்ல வாத்தைத் தின்னுட்டுக் குடிங்க."

கபிரியேல் தின்றார். குடித்தார். மீசையைத் துடைத்தார். மறுபடி ஒரு துண்டை எடுத்தார், மறுபடி குடித்தார்.

கோப்பையைக் காலியாகக் கீழே வைத்தார்.

"யார் எடுத்த ஒயின் இது?"

அடுப்படி வாசலில் நின்றிருந்த நாயகம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான்," என்றார் வெரோனிக். "இத்தாலியில எமிலியான்னு ஒரு ஊரு. நம்மள மாதிரி வாய்க்கு ருசியாத் தின்னுற சனங்க. என் வாத்துக்கு உங்க போர்தோ சரிப்படாது."

கபிரியேல் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மாவுக்கு நாக்கு மட்டும் இல்ல, வாயும் இருக்கு."

சம்பந்தியம்மா என்ற சொல் விழுந்ததும் வீடே சத்தமாகிவிட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள், யாரோ செலினைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் நாயகம் எல்லோருடைய கோப்பையையும் நிரப்பிவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலையில் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, துடைக்கிற துணியைக் கையில் எடுத்துக்கொண்டே மதலேனிடம் கொட்டித் தீர்த்தார்.

"சம்மதம் ஆயிடுச்சு. சந்தோஷம்தான். ஆனா யார் எடுத்ததுன்னு அவர் கேட்டப்ப, 'நான்தான்'னு சொல்லிட்டாங்க, மதாம். நான் அங்கேயே நிக்கிறேன்."

"உங்க பேரைச் சொல்லல?"

"சொல்லல."

"கடை பேரு?"

"அதுவும் சொல்லல. கேட்டா, பிறந்ததுல இருந்து எமிலியாவுல வாழ்ந்தவங்கன்னு நினைப்பீங்க. அப்படித் தலையை நிமிர்த்திக்கிட்டுச் சொன்னாங்க."

"அப்படியே அந்த வார்த்தையா? நான்தான்னு?"

"ஆமாங்கறேன்."

மதலேனின் முகம் மலர்ந்தது. தன் பிள்ளை பரிசு வாங்கியதைக் கேட்டவர் மாதிரி இருந்தார். "அப்போ அந்த ஒயின் அவங்களோடதாயிடுச்சு," என்று மேசையை விட்டு எழுந்து வந்தார்.

அப்போது ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் உள்ளே வந்தார்.

"மதாம், மாமனார் வர்றார். வீட்டுல நண்டு. அவரு லேசுல எதையும் நல்லாயிருக்குன்னு சொல்ற ஆளு கிடையாது..."

மதலேன் நாயகத்தின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினார். ஒரு பாட்டிலை எடுத்துத் தூசி துடைக்க ஆரம்பித்தார்.

"அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க."