ஒரு மூச்சுக்குச் சாட்சி

கிளாஸ்கோவில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் சாம்பவியின் சட்ட அலுவலகம் இருந்தது. சாம்பவிக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த குலசிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. பருத்தித்துறை நீதிமன்றத்தில் இருபது வருடம் வாதாடியவர், இப்போது ஸ்கொட்லாந்துச் சட்டத்தை முதல் பாடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

முதல் கிழமை அவர் சாம்பவியை “மிஸ்” என்றார். அது வாயில் நிற்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து “பிள்ளை” என்றார். ஆனால் சாம்பவி அறைக்குள் வரும்போது எழுந்து நிற்பதை விடவில்லை.

“பிள்ளை, யசோதினியின்ர கோப்பை வாசிச்சனீங்களோ?”

“வாசிச்சனான்.”

யசோதினி எட்டு மாதக் கர்ப்பிணியாக வீதியைக் கடந்தபோது ஒரு லொறி மோதியது. அன்றைக்கே ஆண் பிள்ளை பிறந்தது. உயிர் இல்லை என்று தாதி எழுதியிருந்தார். உடனிருந்த இன்னொரு தாதிக்கு இப்போது எதுவும் நினைவில்லை. பிள்ளை ஒருமுறை அழுதது என்று யசோதினி தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் உயிரோடு பிறந்த பிறகுதான் ஒருவர் ஆளாகிறார். ஒரு மூச்சு போதும். அவன் மூச்சு விட்டிருந்தால் லொறி ஒரு மனிதனைக் கொன்றது. பெற்றோர் மகனை இழந்தவர்களாக வழக்குப் பேசலாம். விடாவிட்டால் லொறி ஒரு பெண்ணைக் காயப்படுத்தியது. அவ்வளவுதான்.

“ஒரு சொல்லுத்தானே,” என்றார் குலசிங்கம். “அழுதவன். தாய் சொல்லுறா, நாங்கள் எழுதுறம். ஆர் வந்து மறுக்கிறது?” அவர் குரல் உயர்ந்துவிட்டது.

“மெல்லக் கதையுங்கோ அண்ணை. நீங்கள் கத்துற கத்தில கீழ மயிர் வெட்டுறவன் ஆரோ ஒருத்தரின்ர காதை வெட்டிப்போடுவான்.”

குலசிங்கம் சிரிக்கவில்லை.

“ஒண்டு கேக்கிறன். எட்டு மாதம் உள்ளுக்க கிடந்து உதைச்சவன். சட்டம் அவனை ஆளில்லை எண்டுது. அதை விடுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ, ஒரு ஆள் எப்ப தொடங்கிறான்?”

“நாளைக்குக் காலமை அவவை வரச்சொல்லுங்கோ.”

“நான் கேட்டது...”

“வரச்சொல்லுங்கோ அண்ணை.”

யசோதினி தனியாக வந்தார். மேலங்கியைக் கழற்றாமலே இருந்தார். சாம்பவி தேநீர் கொடுத்தார். பேனாவை மூடி ஒருபக்கம் வைத்தார்.

“முதல் சட்டத்தைச் சொல்லுறன் யசோ. பிறகு ஒரு கேள்வி.”

சட்டத்தைச் சொன்னார். யசோதினி தேநீரைத் தொடவில்லை.

“அப்ப, அவன் அழுதவன் எண்டால்?”

“அவன் ஒரு ஆள். செத்துப்போன ஆள்.”

“அழேல்லை எண்டால்?”

“பதிவிலை பேர் எழுதலாம். வழக்கிலை அவனுக்கு இடமில்லை. நடந்தது எல்லாம் உங்கட உடம்புக்கு நடந்தது எண்டுதான் சொல்லுவினம்.”

“என்ர உடம்புக்கு.”

“ஓம். இப்ப கேள்வி. அவன் அழுததை நீங்கள் கேட்டனீங்களோ?”

“ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை,” என்று குலசிங்கம் இடையில் புகுந்தார். “ஒரு அவசரமும் இல்லை. பொடியன் எண்டால் குரல் கொஞ்சம்...”

சாம்பவி அவரைப் பார்த்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

“எல்லாப் பிள்ளையளும் அழுறதுதானே,” என்றார் யசோதினி. “அந்த அறையில ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கேல்லை. இப்ப அழுவான், இப்ப அழுவான் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தனான். வீட்டை வந்தாப் பிறகும் அப்பிடித்தான். ஒருநாள் கேட்டுது.”

“வீட்டிலையோ?”

“குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில.”

கீழே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள்.

“அண்டைக்கே கேட்டது எண்டு சொன்னால் போதுமோ?”

“போதக்கூடும். ஆனால் சத்தியம் பண்ணவேணும். பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு நான் எழுதமாட்டன்.”

“சத்தியத்துக்கு நான் பயமில்லை. அவனுக்காக எண்டால் வேற ஆளிட்டைப் போய் எண்டாலும் பண்ணுவன்.” யசோதினி மேலங்கியின் பொத்தானைப் போட்டார், கழற்றினார். “அக்கா, அழுதவன் எண்டால் அவனுக்கு நொந்திருக்கும், என்ன?”

சாம்பவி ஆறிப்போன தேநீரை ஒருபக்கம் எடுத்து வைத்தார்.

“லொறி அடிச்ச நோவோட வெளியில வந்து, கண் தெரியாமல் அழுது, அம்மா தூக்காமல்...” யசோதினி தலையை ஆட்டினார். “வேண்டாம். அவன் ஆளாகவேண்டாம். எழுதுங்கோ. அவன் அழேல்லை. அவன் செத்துப் பிறந்தவன்.”

சாம்பவி பேனாவைத் திறந்து எழுதினார். யசோதினி ஒப்பமிட்டார். படிக்கட்டு வரை சாம்பவி கூடப் போனார்.

அந்த வாக்குமூலக் கடதாசியை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது குலசிங்கத்தின் வேலை. பின்னேரம் வரை கடைசி வரியில் நின்றார். பிறகு எழுந்து வந்தார்.

“பிள்ளை, இந்த வரி சரிவராது. செத்துப் பிறந்தவன் எண்டுறதை அப்பிடியே இங்கிலிசில போட்டால், முதல் செத்தவன், பிறகு பிறந்தவன் எண்டு வருது. இங்கத்தைச் சட்டத்தில பிறக்காத ஒருத்தன் சாக ஏலாது. இவைக்கு இதுக்கெண்டு தனிச் சொல்லு ஒண்டு இருக்கு, ‘ஸ்டில்போர்ன்’, அசையாமல் பிறந்தது எண்டு. அதில சாவே இல்லை. அதைப் போடட்டோ?”

சாம்பவி கடதாசியை வாங்கினார். அந்த ஒரு வரியை நெடுநேரம் வாசித்தார்.

“சாகிறதெண்டால் அவன் முதல் இருந்திருக்கவேணுமே,” என்றார் குலசிங்கம்.

“ஓம் அண்ணை,” என்றார் சாம்பவி. “அவ சொன்ன ஒழுங்கிலேயே எழுதுங்கோ.”