இரண்டு கை கேட்ட பெட்டி

துறைமுக ஊர் ஒன்றில், ஒரு வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு விளையாட்டுப்பெட்டி வேலையில்லாமல் படுத்திருந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். நடுவில் திரை. இடப்பக்கம் ஒரு குமிழ், வலப்பக்கம் ஒரு பொத்தான். குமிழைத் தள்ளினால் திரையில் நிற்கும் வெள்ளாட்டுக்குட்டி நடக்கும். பொத்தானை அமுக்கினால் தாவும். பாறைக்குப் பாறை தாவி அந்தக் குட்டி மலையுச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். பெட்டி கற்றிருந்த தொழில் அது ஒன்றுதான்.

அதை ஆசையாக வாங்கிய நெல்சன் படிப்பு முடிந்து ஓசூருக்கு வேலைக்குப் போனபோது கைப்பேசியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். பெட்டி பழைய சட்டைகளுக்கு அடியில் போனது.

நெல்சனின் அம்மா ரூபவதி பஜாரில் வளையல் கடை வைத்திருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் நாலு மணி நேரம் படுத்து வருவது அவளுக்கு வாழ்க்கையாகிவிட்டது. இடக்கையில் ஊசி குத்துவதற்காகவே ஒரு நரம்பைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் வளையல் போட்டுவிட்டவளின் அந்தக் கை மட்டும் வெறுங்கையாக இருந்தது.

லீவுக்கு வந்த நெல்சன் அலமாரியைத் துழாவிப் பெட்டியை எடுத்தான். துடைத்து, சார்ஜ் ஏற்றி, அம்மா கையில் கொடுத்தான்.

"அங்க மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்குறதுக்கு இதை ஆடும்மா. பொழுது போயிடும்."

பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடியும் ஒரு மடி, ஒரு முகம், ஒரு வேலை.

டயாலிசிஸ் நிலையத்தில் ரூபவதி படுத்ததும் அந்த மகிழ்ச்சி வடிந்துவிட்டது. இடக்கையில் இரண்டு ஊசிகள், அவற்றிலிருந்து இரண்டு குழாய்கள். ஒன்று ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொண்டுபோனது, மற்றது கழுவிய ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. அந்தக் கையை அசைக்கக் கூடாது. ரூபவதி பெட்டியை வயிற்றின் மேல் வைத்து வலக்கையால் பிடித்தாள். குமிழுக்கு விரல் போனால் பொத்தானுக்கு எட்டவில்லை. பொறுமை போய், இடக்கையைக் கொஞ்சம் தூக்கினாள். உடனே இயந்திரம் கீச்சென்று கத்தியது.

டெக்னீஷியன் சங்கரி ஓடிவந்தாள். "அந்தக் கைய அசைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது அக்கா? ஊசி விலகிட்டா என்ன ஆகும்?"

ரூபவதி பெட்டியைச் சக்கரமேசையின் மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வலப்பக்கத்துக் கட்டிலில் ஒரு கைப்பேசி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அது முகைதீனுடைய கைப்பேசி. அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டியவன். நாற்பதுக்குள்தான் இருக்கும். நோய் வந்தபின் லாரியைத் தம்பியிடம் விட்டுவிட்டான். அவனுக்கு வலக்கையில் ஊசி. இடது கட்டைவிரலால் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே இருப்பான், யாரிடமும் பேச மாட்டான்.

"என்னைப் பார்" என்றது கைப்பேசி. "ஒரு கட்டைவிரல் போதும். பேசலாம், படம் பார்க்கலாம், பணம் அனுப்பலாம். உன்னைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். வேறு என்ன தெரியும் உனக்கு?"

"ஆட்டுக்குட்டியை மலையேற்றத் தெரியும்."

"வேறு?"

பெட்டி யோசித்தது. "விட்ட இடத்தை மறக்க மாட்டேன். எப்போது திறந்தாலும் ஆடு நின்ற பாறையிலேயே நிற்கும்."

"அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?"

இயந்திரம் ரத்தம் இழுக்கும் தன் சக்கரத்தைச் சுற்றியபடி, "சும்மா இரு கைப்பேசி. இங்கே யாரும் முழு ஆள் இல்லை" என்றது.

அடுத்த முறை வந்தபோது ரூபவதி விடாப்பிடியாகப் பெட்டியைச் சக்கரமேசையில் நிமிர்த்தி வைத்து, வலக்கையால் குமிழை மட்டும் தள்ளினாள். ஆடு நடந்தது. முதல் பள்ளம் வந்ததும் விழுந்தது. மறுபடி நடந்தது, மறுபடி விழுந்தது. அவளும் சலிக்கவில்லை, ஆடும் சலிக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்து முதன்முதலாக ஒரு குரல் வந்தது.

"அந்தப் பக்கம் ஒரு பட்டன் இருக்குல்லா? அதை அமுக்கணும்."

"தெரியுது தம்பி. அமுக்கக் கை வேணுமே."

முகைதீன் தன் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான். ஆடு இன்னொரு தடவை விழுந்தது. லாரிக்காரனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கைப்பேசியை மார்பின் மேல் கவிழ்த்துவிட்டு இடக்கையை நீட்டினான். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்ற மேசை அவன் கைக்குச் சரியாக எட்டியது.

"நீங்க நடத்துங்க. நான் சொல்லுற வரைக்கும் நிப்பாட்டாதீங்க."

ஆடு ஓடியது. பள்ளம் வந்தது. முகைதீன் அமுக்கினான். ஆடு அந்தரத்தில் எழும்பி அடுத்த பாறையில் கால் ஊன்றியது.

ரூபவதி சிரித்துவிட்டாள். முகைதீன் சிரிக்கவில்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை.

பெட்டி தன் வாழ்நாளில் இப்படிப் பிடிக்கப்பட்டதே இல்லை. இடக்கைக்காகச் செய்த பக்கத்தில் ஒரு வலக்கை. வலக்கைக்காகச் செய்த பக்கத்தில் ஓர் இடக்கை. இரண்டும் வேறு வேறு சூடு. ஒன்று அவசரப்பட்டது, ஒன்று தயங்கியது. அவை ஒத்துப்போனால் ஆடு ஏறியது, ஒத்துப்போகாவிட்டால் விழுந்தது.

அதன்பின் பேசாமல் இருக்க முடியவில்லை. "இப்பவா?" என்று ஒருவர் கேட்க வேண்டும். "இப்ப" என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதற்கு நடுவே மற்ற பேச்சும் வந்தது. தண்ணீர் அளந்து குடிக்கிற கொடுமை, மீன்குழம்பு ஆசை, துறைமுக வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கிற அழகு, பொங்கலுக்கு முந்தின வாரம் வளையல் கடையில் மூச்சுவிட நேரமில்லாத கூட்டம். பெட்டியின் வயதான பேட்டரி பாதியில் இறங்கிவிடும். சங்கரி ஒரு நீள வயரைக் கொண்டுவந்து சுவரில் சொருகிக் கொடுத்தாள். ஆடு மலையின் பாதியைத் தாண்டியது.

ஒருநாள் கைப்பேசி வழக்கமான மிடுக்கு இல்லாமல் பெட்டியைக் கூப்பிட்டது.

"உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று இவன் என் வழியாகத் தம்பியிடம் பேசினான். 'நாளைக்கு ஒருநாள் போவேன், அதோட சரி, இனிமே போறதா இல்ல, இந்த ஊசியும் குழாயும் போதும், லாரிய உம்பேருக்கு மாத்திக்க' என்றான். தம்பி அழுதான். இவன் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

பெட்டி அதிர்ந்துபோனது. அந்த நேரத்திலும் முகைதீனின் விரல் அதன் பொத்தான் மேல்தான் இருந்தது.

"நீ யாரிடமாவது சொல்லலாமே. பேசத் தெரிந்தவன் நீதானே?"

"அவன் பேசினால்தான் நான் பேச முடியும்" என்றது கைப்பேசி.

பெட்டி இயந்திரத்தைப் பார்த்தது. "ஐயா, நீங்கள் இவனை நிறுத்தி வைக்க முடியாதா?"

"வருகிறவர்களின் ரத்தத்தைத்தான் என்னால் கழுவ முடியும். வராதவர்களுக்கு நான் வெறும் இரும்பு."

அன்றைக்கு ஆடு ஒரு பாறை நுனியில் நிற்கும்போது நேரம் முடிந்துவிட்டது. முகைதீன் எப்போதும்போல் எழுந்து, கைக்கட்டை அழுத்திப் பிடித்தபடி, "வாறேங்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆட்டுக்குட்டி எங்கே நிற்கிறது என்பதைப் பெட்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அடுத்த முறை பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடந்தது. சங்கரி அவன் வீட்டுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. ரூபவதி பெட்டியைத் திறந்தாள். பாறை நுனியில் ஆடு நின்றது. முன்னால் பள்ளம். தாவினால்தான் வழி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சங்கரியிடம் நம்பர் கேட்டுத் தன் போனில் கூப்பிட்டாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை எடுத்தான்.

"தம்பி, ரூபவதி பேசுறேன்."

ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. பிள்ளைகுட்டியை நினைத்துப் பாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவளுக்கே சில நாள் காலையில் எழுந்து வர மனசு வராது. அந்த மனசை அவளுக்குத் தெரியும்.

"ஆடு நுனியிலயே நிக்குது தம்பி. என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"வேற யாரையாவது அமுக்கச் சொல்லுங்கக்கா."

"அந்தப் பக்கம் யாரு இருக்கா? உங்க கட்டில்தான் கெடக்கு."

அவன் போனை வைத்துவிட்டான். ரூபவதி பெட்டியை அணைக்கவில்லை. திரை மங்கும்போதெல்லாம் குமிழைத் தொட்டு வெளிச்சம் வரவைத்தாள்.

அவளுக்குப் பாதி நேரம் முடிந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முகைதீன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு இரைத்தது. சங்கரி திட்டிக்கொண்டே அவனைப் படுக்கவைத்து, ஊசி குத்தி, இயந்திரத்தோடு சேர்த்தாள். அவன் கைப்பேசியை மேசையில் வைத்தான்.

"முதல் இரண்டு தடவை என்னைத் தலையணைக்கு அடியில் அமுக்கிவிட்டான்" என்றது கைப்பேசி. "மூன்றாம் தடவை, எனக்கு இருக்கிற தொண்டை முழுவதையும் போட்டுக் கத்தினேன். பேசி முடித்து என்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். பிறகு மனைவியிடம் 'சட்டைய எடு' என்றான்."

மூச்சு அடங்க நேரமானது. அடங்கியதும் முகைதீன் யாரையும் பார்க்காமல் இடக்கையை நீட்டினான்.

"நடத்துங்கக்கா."

ஆடு தாவியது.

மாதங்கள் போயின. முகைதீன் தவறாமல் வந்தான். ஆடு மேகத்துக்குள் ஏறிவிட்டது. அப்போது நெல்சன் மறுபடி லீவில் வந்து, அம்மாவுக்குத் துணையாக நிலையத்துக்கும் வந்தான். பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"பேட்டரி செத்துப் போச்சும்மா. வயர் இல்லாம நிக்காது. இந்த மாடலையே நிப்பாட்டிட்டாங்க, இனி புது கேம் எதுவும் வராது. பழசைச் சேக்குற ஒருத்தன் நல்ல வெலைக்குக் கேக்கான். குடுத்துட்டு, ஒத்தக் கையால ஆடுற மாதிரி பெரிய ஸ்கிரீன் டேப் ஒண்ணு வாங்கித் தாறேன். யாரையும் எதிர்பாக்க வேண்டாம்."

ரூபவதி மகனின் முகத்தைப் பார்த்தாள். அக்கறையாகத்தான் சொன்னான். "சரிடா. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. உச்சிக்குப் போனதும் எடுத்துக்கோ."

முகைதீன் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

நெல்சன் டீ குடிக்கப் போனதும் பெட்டி மெல்லப் பேசியது. "அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. என் காலம் எவ்வளவு என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?"

"என்னிடம் கேட்காதே" என்றது கைப்பேசி. "என் திரையில் விரிசல் விழுந்துவிட்டது. அடுத்த பெருநாளுக்குப் புதுசு வாங்கப் போகிறார்கள்."

இயந்திரம் சுற்றிக்கொண்டே சொன்னது. "நான் இதுவரை ஒருவரையும் குணப்படுத்தியதில்லை. அடுத்த முறை வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன். எனக்குத் தெரிந்த எதிர்காலம் அவ்வளவுதான்."

அடுத்த வாரமே ஆடு கடைசிப் பாறைக்கு வந்துவிட்டது. மேகம் விலகி, உச்சி தெரிந்தது. இடையில் ஒரே ஒரு பள்ளம். பெட்டி நினைத்திருந்தால் திரையை உறைய வைத்திருக்கலாம், தான் பழசு என்று சாக்குச் சொல்லியிருக்கலாம். அது அப்படிச் செய்யவில்லை. ஆட்டை மேலே ஏற்றுவதுதான் அதன் தொழில். பாறையையும் பள்ளத்தையும் உள்ளபடியே காட்டியது.

ரூபவதி ஆட்டை நுனிக்குக் கொண்டுவந்தாள். "ம், அமுக்குங்க தம்பி."

முகைதீனின் விரல் பொத்தான் மேல் இருந்தது. அமுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுத்துக்கொண்டான்.

"என்ன தம்பி?"

"கை வலிக்குதுக்கா."

அவள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதோ?"

"ஆமா. இன்னிக்கு முடியாது."

"சரி" என்று ரூபவதி ஆட்டை நுனியிலிருந்து ஓர் அடி பின்னால் இழுத்து நிறுத்தினாள். இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. இருவரும் பேசிக்கொண்டு கிடந்தார்கள்.

அடுத்த முறை ஊசி குத்தி முடித்ததும் முகைதீன் திரையை உற்றுப் பார்த்தான்.

"அக்கா, கிழக்குப் பக்கமா ஒரு பாதை கெடக்கு. அதுல நாம ஏறவே இல்லியே."

"அதுக்கு அடிவாரம் வரைக்கும் எறங்கணுமே தம்பி."

"எறங்குவோம்."

ரூபவதி குமிழைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளினாள். ஆட்டுக்குட்டி உச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கியது.