செவலை கேட்ட உப்பில்லாச் சோறு

நாய்க்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மொக்கையன் என்ற ஆட்டுக்காரனின் கிடையைச் செவலை என்ற பெட்டை நாய் காத்துவந்தாள். நரி வந்தால் குரைக்க மாட்டாள். பேர் சொல்லித் திட்டுவாள். நரி வெட்கப்பட்டே திரும்பிப் போகும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். காவல் நிற்பவர், மனிதரோ நாயோ, வீட்டார் தின்பதையே தின்ன வேண்டும். புளிக்குழம்போ கருவாடோ, ஒரே சட்டி, ஒரே உப்பு. ஒரே உப்பைத் தின்றவர்தான் துரோகம் செய்யமாட்டாராம். நல்ல வழக்கம்தான், தின்கிறவளின் வயிற்றையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

செவலைக்கு முதலில் வயிறு கழிந்தது. பிறகு தோல் சிவந்தது. காதோரம் முடி கொட்டி, சொறிந்த இடமெல்லாம் நீர் வடிந்தது. போதாக்குறைக்கு அவள் சினையாக இருந்தாள்.

ஒருநாள் காலையில் மொக்கையன் பெண்டாட்டி ஒச்சாயி கருவாட்டுக் குழம்பு ஊற்ற வந்தபோது, செவலை கலயத்தை மூக்கால் தள்ளினாள்.

“வேணாம் மதினி. உப்புப் போடாத கம்பஞ்சோறும் வெறுமனே வேகவைச்ச கறித்துண்டும் போதும். வேப்பிலைத் தண்ணியில குளிப்பாட்டி விடுங்க. தேறிடுவேன். குட்டிகளாவது பிழைக்கும்.”

ஒச்சாயி தலையாட்டுவதற்குள் மொக்கையன் வந்துவிட்டான்.

“என் உப்பு வேணாமாம்ல! வேற யார் வீட்டு உப்பு இனிக்குது? நரி வீட்டுதா?”

“உங்க உப்பை ஏழு வருஷம் தின்னேன் அண்ணே. முதுகைப் பாருங்க, தெரியும். உங்க ஆட்டை என்னைக்காவது கருவாடு தின்னச் சொன்னீங்களா?”

“ஆடு காவலா காக்குது?”

“காக்கிறவளுக்குத்தானே அண்ணே உடம்பு வேணும்!”

கிடையே சிரித்தது. கிழட்டுக் கிடா ஒன்று சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமியது. அதுதான் வினையானது. ஆடுகள் முன்னால் அவமானப்பட்ட மொக்கையன், விறுவிறுவென்று உள்ளே போய் உப்புப் பானையைத் தூக்கிவந்து அவள் முன் வைத்தான்.

“விசுவாசம் இருந்தா ரெண்டு கை உப்பைத் தின்னு. இல்லைன்னா நடையைக் கட்டு.”

பேச்சில் ஜெயித்தவள் செவலைதான். அது அவனுக்கும் தெரியும். ஆனால் நிறைவயிற்றோடு எந்தக் காட்டில் போய்க் குட்டி போடுவாள்?

“வேணாம்டி” என்று ஒச்சாயி அழுதாள். அழுதாளே தவிர, பானையைப் பிடுங்கவில்லை.

செவலை உப்பைத் தின்றாள். தொண்டை வெந்தது, நாக்கு தடித்தது. “அண்ணே” என்று கூப்பிட வாய் திறந்தாள். வெறும் குரைப்புத்தான் வந்தது. வரப்புக்கு ஓடி, வாய்க்கெட்டிய மருந்தாக அருகம்புல்லைக் கடித்து விழுங்கி, நுரை நுரையாகக் கக்கினாள். அந்தி சாயும்முன் அங்கேயே நாலு குட்டிகளை ஈன்றுவிட்டுச் செத்துப்போனாள்.

நாலுக்கும் பேச்சு இல்லை. ஒச்சாயி எடுத்து வளர்த்தாள், அதே சட்டிச் சோற்றில். நாலும் சொறிந்தன. ஒருநாள் மூத்தது மொக்கையன் கண்ணெதிரே புல்லைத் தின்று, கக்கி, காதைச் சொறிந்துவிட்டு, அவன் முகத்தையே பார்த்தது.

மொக்கையன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். “நாய் புல்லு திங்குது. மழை வரும்போல.”

அன்று பிடித்த அந்தப் பழக்கம் இன்றும் நம்மை விடவில்லை: வயிறு கெட்ட நாய் நம் எதிரிலேயே புல்லைத் தின்று சொல்லிப் பார்க்கிறது; நாம் வானத்தைப் பார்க்கிறோம்.