பிள்ளைகள் இல்லாத ஆகஸ்டு

"ஆசானே, ஓர் ஊருப் பிள்ளைகளை எல்லாம் ஒரே மாசத்துல ஒருத்தன் எடுத்துட்டுப் போகணும்னா, அவன் எப்படிப்பட்டவனா இருக்கணும்?"

பகவதி கேட்டாள்.

ஜெபகனி சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தாள். "எந்த ஊரு?"

"அமெரிக்கா. ஒஹையோ பக்கம் ஒரு சின்ன ஊரு. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஏழு வருஷம்."

"அப்போ நம்ம வடசேரி பஸ் ஸ்டாண்டுலேருந்து பஸ் கிடையாது."

பகவதி சிரிக்கவில்லை. கையிலிருந்த தாள்களை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

நாகர்கோவிலில் ஒரு டயர் கடைக்கு மேலே அந்த அறை இருந்தது. ஞாயிறு தோறும் அங்கே ஒரு விளையாட்டு நடக்கும். பலகை கிடையாது. காய் கிடையாது. பேச்சும் பகடையும் மட்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் காலத்தில் பின்னே போய்த் துப்பறிகிறவர்களாக நடிப்பார்கள்.

அந்தத் துப்பறிவாளர்களுக்கு ஒரே ஒரு விதி. போன காலத்தில் எதையும் மாற்றக் கூடாது. பார்க்கலாம், கேட்கலாம், திரும்பி வரலாம்.

நடத்துகிறவருக்கு 'ஆசான்' என்று பெயர். அடிமுறை என்ற தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுப்பவரை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆட்டக்காரர்களில் ஒருவனான டென்சிங் கேலியாக வைத்தது. நிலைத்துவிட்டது.

ஜெபகனி வார நாட்களில் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை யாராவது கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்ல மாட்டாள்.

ஒருமுறை டென்சிங் கேட்டான். "ஆசானே, காலம்னா என்ன?"

"அந்தத் தம்ளரை எல்லாம் கழுவி வை."

கழுவினான். அவனுக்கு விளங்கியதா என்று யாருக்கும் தெரியாது. தம்ளர்கள் பளபளவென்று இருந்தன.

பகவதி ஆறு மாதமாக மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பேசுவது குறைவு. பார்ப்பது அதிகம். பகடையை உருட்டும் முன் யார் நகத்தைக் கடிக்கிறார்கள், பொய் சொல்லும்போது யாருடைய காது சிவக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு ஞாயிறாவது ஆசானின் கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து கதை நடத்த வேண்டும். தன் குரலை நாலு பேர் கேட்க வேண்டும்.

கேட்பதற்கே பல வாரம் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

"ஓர் ஊரைக் கட்டிக்கொண்டு வா," என்றாள் ஜெபகனி. "ஊரு உயிரோட இருந்தா நாற்காலி உனக்கு. இல்லாட்டா பழையபடி ஓரத்துல உக்காரு."

இன்றைக்கு அந்த ஊர் வந்திருந்தது. ஆட்டக்காரர்கள் வருவதற்குள் முடிவு தெரிந்தாக வேண்டும்.

தெருவில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியில் எதையோ அறிவித்துக்கொண்டு போனது. பகவதி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"படிக்கட்டா ஆசானே?"

"நான் படிக்கேன். குடு."

ஜெபகனி படித்தாள். கார்களின் நிறம் இருந்தது. வாசலில் பால் போத்தல் இருந்தது. சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் அரசாங்கப் பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள். அச்சில் வார்த்ததுபோல் வரிசை வரிசையாகப் புது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி, அதற்குள் ஒரு பெரிய இறைச்சித் துண்டு.

"இவ்வளவையும் எங்க புடிச்ச?"

"புத்தகத்துல. மத்தது படத்துல." பகவதியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அந்த ஊரு நூலகத்துல பழைய போட்டோ எல்லாம் இணையத்துல போட்டிருக்காங்க. கீழ மாசமும் வருசமும் மட்டும்தான் இருக்கு. ஆகஸ்டு மாசத்துப் படத்தைப் பாருங்க ஆசானே."

நீச்சல் குளம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கதவில் சங்கிலி.

பூங்கா. ஊஞ்சல்களை மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள்.

சினிமாக் கொட்டகை வாசலில் ஒரு பலகை. பதினாறு வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை.

கடைத்தெரு. நல்ல வெயில். பெரியவர்கள் நடந்துபோகிறார்கள். ஒரு பிள்ளைகூட இல்லை.

"எத்தனையோ படம் பாத்தேன். அந்த ஆகஸ்டுல அந்த ஊருல பிள்ளைகளே இல்ல."

"ம்."

"அப்புறம் மூணு வருசம் கழிச்சு ஏப்ரல் மாசத்துப் படம். சர்ச்சு மணியை ஒருத்தர் தொங்கிக்கிட்டு அடிக்காரு. அந்த மாசம் ஈஸ்டர் உண்டு, நாள்காட்டி பாத்தேன். ஆனா ஈஸ்டருக்கு யாரும் அழ மாட்டாங்கல்லா. தெருவுல ஆளுக அழுறாங்க. ஒரு கடைக்காரர் கண்ணாடியில பெயிண்டால 'நன்றி'ன்னு எழுதுறாரு. யாருக்குன்னு படத்துல தெரியல."

ஜெபகனி நிமிரவில்லை. "அதுக்கு நீ என்ன முடிவு வச்சிருக்க?"

"காலத் திருடன்." பகவதி மூச்சு வாங்கினாள். "அவன் வேற ஒரு காலத்துலேருந்து வந்து, பிள்ளைகளை எல்லாம் எடுத்துட்டுப் போயிடுறான். மூணு வருசம் கழிச்சுத் திருப்பி அனுப்புறான். அதான் மணி."

ஜெபகனி கடைசித் தாளுக்கு வந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா என்று பகவதிக்குத் தெரியவில்லை. அவளுக்குக் காது சூடாகியது.

"நல்லா இல்லையா ஆசானே?"

"படத்தைப் பாத்தியே, காரணம் என்னன்னு தேடினியா?"

"இல்ல."

"ஏன்?"

பகவதி தரையைப் பார்த்தாள். "பாத்ததுமே கதை வந்துட்டு. தேடினா போயிருமோன்னு இருந்துச்சு."

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்தஞ்சு."

"எனக்கு முப்பத்தாறு. நடுவுல பதினோரு வருசம் கிடக்கு. அதுக்குள்ள என்னவோ நடந்திருக்கு. போய்த் துப்பறிஞ்சிட்டு வா."

"எங்க போக?"

"கீழதான். பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒரு மேசை கிடக்கும். விதி தெரியும்லா?"

"எதையும் மாத்தக் கூடாது."

"ஆங். பாத்துட்டு மட்டும் வா."

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு மேசை கிடந்தது. மேலே மஞ்சள் பதாகை. சொட்டு மருந்து முகாம். நீலச் சேலையில் ஒரு நர்ஸ், பக்கத்தில் ஐஸ் பெட்டி.

பகவதி வேறு மேசை இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. ஒரு தூணில் சாய்ந்து, தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். பார்த்தாள்.

வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள் ஒருத்தி பிள்ளையோடு வந்தாள். பிள்ளை வாயை இறுக்க மூடிக்கொண்டது. தாய் அவள் மொழியில் கெஞ்சினாள். நர்ஸ் தன் மொழியில் மிரட்டினாள். பிள்ளைக்கு இரண்டு மொழியும் வேண்டாம் போலிருந்தது.

"ஏ பிள்ள, தூணுக்கு முட்டுக் குடுத்துட்டு நிக்கியே. வந்து இவன் கன்னத்தைப் பிடி."

"நான் சும்மா பாக்க வந்தேன்."

"பாத்தது போதும். பிடி."

பகவதி விதியை மீறினாள். கன்னம் வெண்ணெய்போல் இருந்தது. வாய் திறந்தது. இரண்டு சொட்டு விழுந்தது. பிள்ளையின் முகம் சுருங்கி, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அலறல் எழுந்தது. நர்ஸ் அதன் சுண்டுவிரல் நகத்தில் மை வைத்தாள். தாய் சிரித்தாள்.

"அக்கா, இதைக் குடுக்காம விட்டா என்ன ஆகும்?"

நர்ஸ் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "போலியோ வரும். வேற என்ன? இன்னைக்குக் காய்ச்சல், நாளைக்குக் காலு கேக்காது."

"எப்படி வரும்?"

"தண்ணி வழியா வரும். கூட்டத்துல வரும். பிள்ளைக்குப் பிள்ளை தொத்தும். என்ன இது, படிச்ச பிள்ளை மாதிரி இருக்க, இதெல்லாம் தெரியாதா?"

பகவதி மறுபடி தூணோரம் போனாள்.

தண்ணீர். கூட்டம். பிள்ளைக்குப் பிள்ளை.

குளத்துக் கதவில் சங்கிலி. சுருட்டிக் கட்டிய ஊஞ்சல். கொட்டகை வாசலில் பலகை.

பிறகு ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. ஞாயிறு தோறும் டயர் கடை மாடிப்படியில் கேட்கும் சத்தம். இரும்புப் பட்டை கட்டிய ஒரு காலின் 'டக்'. அப்புறம் ஓர் இடைவெளி. மறுபடி 'டக்'. ஆசான் வருகிறாள் என்று எல்லோரும் தம்ளரை எடுத்து வைப்பார்கள்.

அந்தக் கால் ஏன் அப்படி என்று பகவதி கேட்டதே இல்லை. கேட்டால் மரியாதை இல்லை என்று நினைத்திருந்தாள். உண்மையில், கேட்கத் தோன்றியதே இல்லை.

தன் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. சின்ன வயதில் அந்த மையைக் காட்டி மற்ற பிள்ளைகளிடம் பெருமை அடித்தது மட்டும் ஞாபகம் வந்தது. நடுவில் கிடந்த அந்தப் பதினோரு வருசத்தில்தான் இந்த மேசை வந்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, போனை எடுத்து, முதல் நாளே தேடியிருக்க வேண்டியதை இப்போது தேடினாள்.

அவள் மாடி ஏறியபோது டென்சிங்கும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கைப்பிடி நாற்காலி காலியாக இருந்தது. ஜெபகனி ஜன்னலைத் திறந்துவிட்டு அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பகவதி செருப்பை வாசலில் கழற்றினாள். உள்ளே வராமல் நின்றாள்.

"திருடன் யாரும் இல்ல ஆசானே."

"அப்போ பிள்ளைகளை யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல. அம்மைமாருதான் ஒளிச்சு வச்சிருந்தாங்க."

டென்சிங் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தான்.

"வீட்டுக்குள்ள. ஜன்னலைச் சாத்தி. கோடை முடியிற வரைக்கும்." அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அந்த ஏப்ரல்லதான் தடுப்பு மருந்து பலிக்குதுன்னு சேதி வந்திருக்கு. நான் கல்லூரி வரைக்கும் படிச்சவ. உங்க எதுக்க ஆறு மாசமா உக்காந்திருக்கேன். எனக்கு இது தெரியல."

"தெரியலயா?"

"தெரியல."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட."

ஜெபகனியின் முகம், பரீட்சையில் பிள்ளை பாஸான வீட்டு முகம்போல் ஆகியது.

"டென்சிங், கேட்டியாலே? கொஞ்சம்கூடத் தெரியலயாம்!"

டென்சிங் விழித்தான். "அதுக்கு என்னத்துக்கு ஆசானே இவ்வளவு சந்தோசம்? நான் தெரியாதுன்னு சொன்னா மட்டும் தம்ளர் கழுவச் சொல்லுதீய."

"நீ கழுவுறதும் நல்லாத்தான்லே இருக்கு."

பகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாள்களில் கடைசி ஐந்தாறை உருவி, மடித்துப் பைக்குள் வைத்தாள். திருடன் போய்விட்டான். ஊர் மட்டும் கையில் இருந்தது. முன்பைவிட அது கனமாக இருந்தது.

"நாற்காலி எனக்கு வேண்டாம் ஆசானே. இன்னைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"ஆகஸ்டைச் சொல்லிருவேன். இந்த மணியை எப்படிச் சொல்ல? சேதி வந்துச்சு, மணி அடிச்சாங்கன்னு சொல்லலாம். அது போன்ல வாசிச்சது. ஒரு ஊரே தெருவுல நின்னு அழணும்னா உள்ள என்ன இருந்திருக்கும்? எனக்குத் தெரியாத ஒண்ணுக்கு அடிச்ச மணியை நான் எப்படி அடிப்பேன்?"

ஜெபகனி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டக். இடைவெளி. டக். வாசலுக்குப் போனாள். இரும்புக் காலை ஒரு பக்கமாக நீட்டி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குனிந்தாள்.

பகவதியின் செருப்பு இரண்டையும் கையில் எடுத்தாள்.

"ஐயோ ஆசானே! செருப்பைப் போய்... கீழ போடுங்க!"

ஜெபகனி போடவில்லை. இரண்டையும் திருப்பி, அடிப்பாகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். குதிகாலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். முதலில் ஒன்றை. அப்புறம் மற்றதை.

"ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு," என்றாள். அவளுடைய செருப்பில் எப்போதும் ஒன்றுதான் முதலில் தேயும்.

கோட்டாறு சர்ச் பக்கமிருந்தோ எங்கிருந்தோ ஒரு மணிச்சத்தமும் வரவில்லை. கீழே பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பிள்ளை அலறியது.

பகவதி போய்க் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏப்ரல் மாசம்," என்றாள். "பகல் நேரம். நீங்க எல்லாரும் தெருவுல நிக்கீங்க."