ஆறு வீடும் இருபத்தொரு நிபந்தனையும்

வெகு காலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனசு, ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள், "நாமும் வீடு கட்டி வாடகைக்கு விட்டால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது. சந்தைத் தெருவில் வரிசையாக ஆறு வீடுகள் எழும்பின. தேக்குக் கதவு, ஓட்டுக் கூரை, கொல்லையில் கிணறு. எல்லாம் இருந்தும் ஆறு மாதமாக ஒரு குடும்பமும் குடிவரவில்லை.

"சத்திரத்தில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். ராஜா வீடு வேண்டாமாமா?" என்று சபையில் குமுறினார் ராஜா.

அரண்மனை அதிகாரி சூலபாணிக்கு மந்திரி அறவாழியின் மேல் நெடுநாள் பொறாமை. "அங்கே குடிபோகாதீர்கள் என்று மந்திரியார்தான் ஊரில் சொல்லிவைக்கிறாராம் மகாராஜா" என்றான் பணிவாக.

ராஜா திரும்பினார். "அறவாழி, பதினைந்து நாள் தருகிறேன். ஆறு வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். வாடகையைக் குறைக்கக் கூடாது. முடியாவிட்டால் உம்முடைய பதவி சூலபாணிக்கு."

அறவாழி மறுநாள் காலையே சந்தைத் தெருவுக்குப் போய் ஓரமாக நின்றார். பாத்திரம் வார்க்கும் கன்னான் ஒருவனும் அவன் மனைவி குருவாயியும் வீடு பார்க்க வந்தார்கள். அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். சமையலறைப் புகை எப்படிப் போகும் என்று கேட்டாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"குரங்கு ஓட்டைப் புரட்டிப் போட்டிருக்கே. ஒழுகினா யார் சரிபண்றது?"

காவலாளி வாடகை நிபந்தனைகள் எழுதிய ஓலையைப் பிரித்து வாசித்தான். "குடியிருப்பவரே."

இருபத்தொரு நிபந்தனையையும் கேட்டு முடித்ததும் இருவரும் நடையைக் கட்டினார்கள்.

அறவாழி ஓலையை வாங்கிப் பார்த்தார். எழுதியவன் சூலபாணி. அடியில் ராஜ முத்திரை. படிக்காமலே ராஜா முத்திரை வைத்திருக்கிறார் என்பது புரிந்தது. முத்திரை விழுந்ததை மந்திரி மாற்ற முடியாது. 'மாற்றக்கூடியவரையே அங்கே குடிவைத்தால்?' என்று யோசித்தார். மனசு லேசானது.

"மகாராஜா, ஒரே ஒரு பகல் நீங்கள் அந்த வீடுகளில் ஒன்றில் குடியிருக்க வேண்டும். நான் வீட்டுக்காரன்" என்றார். ராஜாவுக்கு இந்த மாதிரி விளையாட்டென்றால் கொள்ளை ஆசை. அரசியோடு மூட்டை முடிச்சுடன் வந்துவிட்டார்.

வந்ததும் வாளை மாட்ட ஆணி தேடினார். கையில் ஓலையோடு நின்ற அறவாழி, "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்றார். வாள் மூலையில் சாய்ந்தது. அரசி கருவாடு வறுக்க எடுத்தாள். "மீன் வாசம் ஆகாது." அரசியின் தம்பி பார்க்க வந்தான். "விருந்தாளி வருவதை மூன்று நாள் முன்னே சொல்ல வேண்டும்." மைத்துனன் வாசலோடு திரும்பினான். ராஜா பொழுதுபோகாமல் பாட ஆரம்பித்தார். "உச்சிப்பொழுதுக்கு மேல் சத்தம் கூடாது."

ஐப்பசி மாதம். பிற்பகலில் வழக்கம்போல மழை பிடித்தது. ராஜாவின் தலைப்பாகையில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.

"அறவாழி, கூரை ஒழுகுகிறது."

"ஏணி கொல்லையில் இருக்கிறது. குடியிருப்பவர்தான் ஏற வேண்டும்."

"இதென்ன நியாயம்? வீடு யாருடையது? கூரை யாருடையது?"

"இதைத்தான் மகாராஜா, ஊரார் ஆறு மாதமாகக் கேட்கிறார்கள்" என்று ஓலையை நீட்டினார் அறவாழி.

ராஜா முதன்முதலாக அதை முழுசாகப் படித்தார். முகம் சிவந்தது. சூலபாணியை அழைத்தார். "உன் வீட்டுச் சுவரில் எத்தனை ஆணி?"

"ஏழெட்டு இருக்கும் மகாராஜா" என்றான் அவன்.

"நானும் படிக்காமல் முத்திரை வைத்தேன், தப்பில் பாதி என்னுடையது" என்றார் ராஜா. ஓலை அங்கேயே கிழிந்தது. கூரையும் கிணறும் ராஜா பொறுப்பு. வீட்டைச் சுத்தமாக வைத்து, வாடகையை நாள் தவறாமல் தருவது குடியிருப்பவர் பொறுப்பு. அவ்வளவுதான் புது ஓலை.

"சரி, நல்ல குடித்தனக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"ஒன்றும் கேட்காமல் சரி சரி என்பவர் நாளைக்கே போய்விடுவார். கிணற்றையும் கூரையையும் பற்றிக் கேட்பவர் நிலைத்து வாழ வந்தவர்" என்றார் அறவாழி.

குருவாயி குடும்பத்தையே முதலில் அழைத்தார்கள். பத்தாம் நாளுக்குள் ஆறு கூரையிலும் புகை எழுந்தது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அறவாழிக்குப் போட்டார். சூலபாணிக்கும் வேலை கிடைத்தது: எந்த வீட்டில் ஒழுகினாலும் ஓட்டைச் சுமந்துகொண்டு அவனே ஏணியில் ஏற வேண்டும்.

ஒருநாள் ராஜா மந்திரியைத் தனியே அழைத்தார். "அரசிக்கு அந்த வீடு பிடித்துப்போய்விட்டது. எங்களுக்கும் ஒன்று பாருமேன்."

"ஆறும் நிறைந்துவிட்டன மகாராஜா. காலியானால் சொல்லி அனுப்புகிறேன்" என்றார் அறவாழி.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஆறு வீட்டுக் குடித்தனக்காரர்களோ, காலிசெய்யும் நினைப்பே இல்லாமல் சுகமாக வாழ்ந்தார்கள்.