சுலோசனாவின் காது

சுலோசனாவின் காதில் மறுபடி ஜிமிக்கி தொங்கியது. அதுதான் தப்பு.

சுலோசனா ஒரு தொடர்கதையில் வருகிறவள். கதை வந்த வாரப் பத்திரிகை வியாழக்கிழமை பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். பாதிப் பேர் அங்கேயே நின்று படித்துவிடுவார்கள். வாங்கினவர்கள் தொடர்கதைப் பக்கத்தைப் பிரித்து பைண்டு செய்து வைப்பார்கள். கதையில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் தெருவே கவலைப்படும். அப்படி ஒரு காலம். போயே போய்விட்டது.

சுலோசனா ஜிமிக்கியை விற்றுப் புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்தவள். துளை தூர்ந்துவிடாமல் காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டவள். ஒரு வாரம் படத்தில் பார்த்தால் ஜிமிக்கி! வாசகர்கள் விடுவார்களா? கார்டு கார்டாக எழுதித் தள்ளினார்கள். ‘யார் இந்தப் பொம்பளை?’

முதல் வாரத்திலிருந்து அவளை வரைந்துவந்தவர் ஓவியர் சாரங்கன். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. அதனால் அந்த வாரம் சீடர் வரைந்தார். சீடருக்கு வாத்தியாரைவிட வயது அதிகம். சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்தவர், கம்பெனி மூடியதும் இங்கே ஒண்டினார். சாரங்கன் அவரை ‘பேனர்’ என்றுதான் கூப்பிடுவார்.

பத்திரிகை ஆசிரியர் போனில் கத்தினார். அடுத்த படமும் இப்படி வந்தால் தொடர்கதை வேறு ஆளுக்கு.

பேனருக்கு இதுவும் போனால் லாரிக்குப் பின்னால் ‘ஒலி எழுப்புக’ எழுதப் போக வேண்டியதுதான்.

“கட்டம் போட்டுத்தான் வரைஞ்சேன் வாத்தியாரே. உங்க முதல் வாரப் படத்தைத்தான் கட்டம் கட்டமாப் பார்த்து இறக்கினேன். மூக்கு ஒரு நூல் பிசகலை. கையெழுத்துகூட உங்களது மாதிரியே போட்டேன்.”

“தெரியுது.”

“ஜிமிக்கியை எடுத்துட்டா சரியாயிடும்.”

“எடு.”

அடுத்த காட்சியை ஆபீஸிலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள். சுலோசனா பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். பேனர் கட்டம் போட்டு அதே முகத்தை இறக்கினார். காதில் குச்சி வைத்தார். கண்ணில் ஒரு சொட்டு நீரும் வைத்தார்.

சாரங்கன் பார்த்தார்.

“அழகா இருக்கா.”

பேனருக்கு உயிர் வந்தது.

“கூந்தல் தைலம் விக்கலாம்.”

உயிர் போயிற்று.

சாரங்கன் இடது கையால் டிரங்குப் பெட்டியை இழுத்தார். அதுவரை வந்த இதழ்களையெல்லாம் தரையில் பரப்பினார்.

“பாரு.”

பேனர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அளந்து பழகின கண். உடனே துள்ளினார்.

“வாத்தியாரே, இது ஒரே ஆள் இல்லையே! இதுல கன்னம் இருக்கு. இதுல காணோம். மூக்கே வேற!”

“யாராவது கார்டு போட்டாங்களா?”

பேனர் அடுத்த இதழை இழுத்துப் பார்த்தார்.

“கதை படிச்சியா?”

“நான் எதுக்குப் படிக்கணும்? சினிமா பார்த்துட்டா பேனர் வரைஞ்சோம்? ஸ்டில் குடுப்பாங்க, வரைவோம்.”

“படி.”

“சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துடும் வாத்தியாரே.”

“அப்ப சீக்கிரம் படி.”

படித்தார். முதலில் கடனே என்று. அப்புறம் கூப்பிட்டாலும் காது கேட்கவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. ஓர் இடத்தில், “அடப்பாவி, கூடப் பொறந்தவனாடா நீ?” என்று சுலோசனாவின் அண்ணனைத் திட்டினார். சாரங்கன் கேட்காததுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி இதழை மூடினார். புது அட்டை எடுத்தார். கட்டம் போடவில்லை.

பஸ் ஸ்டாப். பட்டுப்புடவையில் இரண்டு பெண்கள். தெரிந்தவர்கள்போல இருக்கிறது. அவர்களுக்கு இந்தப் பக்கம் சுலோசனா. வெயிலுக்குப் போட்டதுபோல முந்தானையைத் தலைமேல் இழுத்து, பாதி முகம் திரும்பி நிற்கிறாள். மூக்கு சரியாகத் தெரியவில்லை. காது தெரியவே இல்லை.

சாரங்கன் வெகு நேரம் பார்த்தார்.

“மை காயட்டும். அனுப்பு.”

மறுநாள் காலை போன். ஆசிரியருக்குப் பெரிய தொண்டை. பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

“சாரங்கன், கை சரியாயிடுச்சா? புரூஃப் பார்க்கிற பங்கஜம் படத்தைப் பார்த்துட்டுத் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கறாங்கய்யா!”

“கட்டு இன்னும் பிரிக்கலை.”

“அப்ப வரைஞ்சது யாரு? கீழே கையெழுத்தைக் காணோமே?”

பேனர் இரண்டு கையையும் ஆட்டினார். “உங்க பேரையே சொல்லுங்க வாத்தியாரே,” என்று கிசுகிசுத்தார். “பேனர்காரன்னு தெரிஞ்சா பொழைப்பு போயிடும்.”

சாரங்கன் ரிசீவரை மார்பில் வைத்துப் பொத்தினார்.

“யோவ், உன் முழுப் பேர் என்ன?”

சொன்னார். நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார்.

சாரங்கன் ரிசீவரை வாய்க்குக் கொண்டுபோனார்.

“கோதண்டபாணி.”